தேங்காயைக் கேட்டீங்க, வூட்டுக்காரியைக் கேட்டீங்களா?

வாங்க மாப்ளே, உக்காருங்க. நாலாவது போர்வெல் ஓட்டறீங்களாமா? திருச்செங்கோட்டு வண்டிக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சாமா? பேஷ். காங்கயம் வட்டாரத்துல பூமியை இத்தனை ஆழம் வரைக்கும் விசாரிச்சவரு வேற ஆருமில்லீங்க.

ஒண்ணும் அவசரப்பட்டுப் பண்ணலீன்னு எனக்குத் தெரியும். நீரோட்டம் பாக்கறவரைக் கூட்டியாந்தீங்க. அவரு கையில படுத்திருந்த தேங்காய் எந்திரிச்சு நின்னுச்சு. ஜோசியரைக் கேட்டீங்க. வண்டி ஏஜெண்டைக் கேட்டீங்க. போர் ஓட்டுனாத்தான் அவருக்குச் சோறு, அவரு வேண்டாம்பாரா? சிவன்மலைக் கோயிலுக்குப் போயி, சாமி உத்தரவுப் பெட்டியில என்ன வெச்சிருக்குதுன்னும் எட்டிப் பாத்தீங்க. கேக்காம உட்டது ஒரே ஒரு ஆளுங்க. காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சுக் கட்டுத்தரையில சாணி அள்ளுதே, அந்த வூட்டுக்காரியைத்தான். கேட்டிருந்தா, அது கழுத்துல இருந்தது எந்தப் பேங்குல இருக்குதுன்னு திருப்பிக் கேட்டுப்போடும். அந்தப் பயம் எனக்கும் தெரியுமுங்க.

கரண்டு இலவசம். அதனால தண்ணியும் இலவசம்னு நெனச்சுட்டோம். நம்ம பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம் மழை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணியும் மண்டலம் மண்டலமா முறை வெச்சுத்தான் வருது. நீங்களோ பொள்ளாச்சியைப் பாத்துட்டு வந்து தென்னை வெச்சீங்க. ஏக்கருக்கு 70 மரம். சொட்டுநீர் போட்டாலும் கோடையில ஒரு மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் கேக்கும். பெருக்கிப் பாருங்க, ஏக்கருக்கு 4,550 லிட்டர். எல்லாரும் தண்ணி பத்தலீங்கறீங்க. எனக்கென்னமோ மரம் சாஸ்தியாத் தெரியுது.

உங்க அப்பாரு காலத்துல அந்தத் தோட்டம் கொரங்காடு, மாடு மேய்க்கற காடு. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். ஒரு காட்டுல மேஞ்சா இன்னொரு காட்டை ஆறப் போடுவாங்க. மாடும் ஆடும் மேஞ்சு குடும்பத்தைக் காப்பாத்துச்சு. காரு வாங்கற அளவுக்கு வருமானம் இல்லதான். ஆனா அந்தப் புல்லு ராத்திரி மோட்டார் ஓடுதான்னு ஆரையும் எழுப்புனதில்லீங்க.

அதுக்காகத் தென்னையை வெட்டிப்போட்டுப் புல்லு போடச் சொல்லலீங்க. நான் சொல்றதைக் கேக்கற பழக்கம் உங்க வம்சத்துலயே கெடையாது. போருக்கு முந்தி ஒரே ஒரு சோலி மட்டும் பாருங்க. ஒரு நா பொழுதோட டிவியை அமத்திப்போட்டு, வூட்டுல எல்லாரும் உக்காருங்க. ‘எப்படிப் பொழைக்கோணும்னு ஆசப்படறோம்?’னு ஆளுக்கொண்ணு சொல்லோணும். ஆத்தா முழங்கால் வலியைச் சொல்லும். பையன் தோட்டத்துக்குத் திரும்பி வருவானா மாட்டானான்னு அவன் வாயால சொல்லோணும்; நீங்களா நெனச்சுக்கறது கணக்குல வராது. வூட்டுக்காரி, கடங்காரன் வாசல்ல வந்து நிக்காத வருசம் ஒண்ணு வேணும்னு சொன்னாலும் சொல்லும். கட்டிக்குடுத்த புள்ளையையும் கூப்புடுங்க. பொண்ணுக்கும் சமபங்குன்னு 1989லேயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. நாம என்னடான்னா, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வேணுங்கற அன்னைக்குத்தான் காரு அனுப்பறோம்.

எல்லாத்தையும் காலண்டர் தாளுக்குப் பொறகால எழுதி, பணப்பெட்டி மேல ஒட்டுங்க. அப்புறம் போராகட்டும், டிராக்டராகட்டும், கலப்பின மாடாகட்டும், எது வந்தாலும் அந்தத் தாளு முன்னால நிறுத்திக் கேளுங்க. இது நம்மளை அந்தப் பொழப்புக்குக் கிட்டக் கொண்டு போகுதா, எட்டத் தள்ளுதா? நோவுக்கு மருந்தா, வலியை அமத்தற மாத்திரையா? பேஞ்ச மழை வரப்பு இல்லாத காட்டுல ஓடிப்போயிட்டு இருக்கறப்ப, ஆயரம் அடிக்குக் கீழ தேடறது எந்த வைத்தியமுங்க? பணம் எங்கிருந்து வருது? சொசைட்டியில பயிர்க்கடனைக் கெடுவுக்குள்ள கட்டுனா வட்டியே இல்லதான். அதை வாங்கி போர்க்குழியில போட்டா எந்தப் பயிரு மொளைச்சுக் கட்டும்? வேலை ஆரு தலையில உழுகுது? நீங்க மாடு வாங்குனா, பால் பீச்சறது ஆரு?

கடைசியா ஒண்ணு. நம்ம கணக்கு தப்பாப் போனா எங்க நிறுத்தறதுன்னு முன்னாலயே பேசி வெச்சுக்கோணும். போன தடவை வெறும் பொகையாக் கெளம்பறப்ப, ‘இன்னும் அம்பதடி, இன்னும் அம்பதடி’ன்னு சொல்லிட்டே நின்னீங்க. நிறுத்தச் சொல்லி அன்னைக்குக் கையைப் புடிச்ச ஆளைத்தான், வெவரம் தெரியாத பொம்பளைன்னு அதட்டுனீங்க.

பேசி முடிச்ச பொறகும் எல்லாரும் போர் ஓட்டலாம்னு சொன்னா, தாராளமா ஓட்டுங்க. நானே வந்து தேங்காய் ஒடைக்கறேன். ஆனா அந்தத் தாளுல பொம்பளைங்க சொன்னது ஒரு வரிகூட இல்லீன்னா, அது குடும்பத்து முடிவு இல்லீங்க மாப்ளே, உங்க முடிவு. கடன் மட்டும் குடும்பத்துது.