விண்ணப்பப் புராணம்

புளூமிங்டன்,
இந்தியானா மாகாணம்.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் முறை. ஆயினும் இவ்விடத்தில் யாவரும் என்பது நான் ஒருவனே ஆகையாலும், அந்த ஒருவனுக்கும் சென்ற வாரம் முழுவதும் ஜலதோஷம் ஆகையாலும், அந்த வாக்கியத்தை இந்தத் தடவை தங்கள் அநுமதியோடு விட்டுவிடுகிறேன். அவ்விடத்து க்ஷேமத்துக்கும், வைப்பாற்றில் தண்ணீர் வந்ததா என்பதற்கும், அத்தையின் முழங்கால் வலிக்கும் விவரமாகப் பதில் எழுதவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பக்கத்து வீட்டு நாயக்கரம்மாளின் பேரன் பி.ஏ. முடிக்கும் தறுவாயில் இருக்கிறான் என்பதும், என்னைப் போலவே மொழியியல் சாஸ்திரத்தில் மேற்படிப்புப் படிக்க அமெரிக்காவுக்கு வர ஆசைப்படுகிறான் என்பதும், அதற்கு யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று நாயக்கரம்மாள் திண்ணையில் வந்து உட்கார்ந்து தங்களைத் துளைத்து எடுக்கிறாள் என்பதும் அறிந்தேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டதில் பிழையில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதும் வேலைக்கும், ஆடி மாதத்தில் நம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பாதையில் கடை போடுவதற்கும் பார்க்க வேண்டிய ஆள் ஒருவர் எங்கேயாவது இருந்தே தீர்வார் என்ற அநுபவத்திலே வளர்ந்தவர்கள் நாம். இந்தக் காரியத்திலோ பார்ப்பதற்கு ஆளே கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு படிவம் இருக்கிறது; அந்தப் படிவத்துக்குச் சிபாரிசும் தெரியாது, தாட்சண்யமும் தெரியாது.

அந்தப் படிவத்தின் ஆரம்பக் கட்டத்திலேயே நம் குலாசாரத்துக்குப் பங்கம் வந்துவிடும் என்று பையனுக்கு முன்னதாகச் சொல்லிவையுங்கள். சொந்தப் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று அது கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலை விரித்துத் தகப்பனார் பெயரை அந்த இடத்தில் நிரப்புவதைத் தவிர வேறு கதி இல்லை. நிரப்பியதன் பலனாக, நான் பிறந்தது முதல் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லத் துணியாத அப்பாவின் திருநாமத்தைச் சொல்லியே இந்த ஊர் என்னை அழைக்கிறது. பனி கொட்டுகிற காலை வேளையில் நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்க, என்னிடம் பாடம் கேட்கும் பிள்ளையாண்டான் ஒருவன் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து அந்தப் பெயரைக் கூவி நிறுத்தி, வீட்டுப் பாடத்துக்கு இன்னும் இரண்டு நாள் தவணை கிடைக்குமா என்று கேட்கிறான். அப்பாவுக்கு இப்போதெல்லாம் அடிக்கடி புரையேறுகிறது என்று அக்காள் எழுதியிருந்தாள். டாக்டரிடம் காட்ட வேண்டாம், காரணம் இதுதான் என்று சொல்லிவிடுங்கள். போதாக்குறைக்கு, தலை நரைத்த பேராசிரியர்களை நாம் வெறும் பெயரிட்டு அழைக்க வேண்டுமாம்; அதுதான் இங்கே மரியாதையாம். எனக்கு நா எழவில்லை. அத்தை தங்களைக் கூப்பிடுவது போலவே, தொண்டையைக் கனைத்தும் 'இங்கே பாருங்கள்' என்றும் இதுவரை சமாளித்து வருகிறேன்.

செலவு விஷயத்தைச் சொல்கிறேன். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 75 டாலருக்குக் குறையாது. நூறைத் தாண்டும் இடங்களும் உண்டு. இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. கஷ்ட நிலையை எழுதிக் கேட்டால் சில இடங்களில் கட்டணத்தைத் தள்ளிக் கொடுப்பார்கள். கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. ஜி.ஆர்.ஈ. என்னும் பரீட்சையை மொழியியல் துறைகள் பல இப்போது கேட்பதில்லை. இங்கிலீஷ் தெரியும் என்பதற்கு டோஃபலோ ஐ.இ.எல்.டி.எஸ்ஸோ எழுத வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் விட நாயக்கரம்மாள் நம்ப மறுக்கப்போகும் செய்தி ஒன்று உண்டு. இங்கே எம்.ஏ. படிக்க வந்தால் பெரும்பாலும் பணத்தை நாம் கட்ட வேண்டும்; பிஎச்.டி.க்கு வந்தாலோ படிப்புச் சம்பளத்தைத் தள்ளி, கீழ் வகுப்புகளுக்குப் பாடம் சொல்லச் செய்து, மாதந்தோறும் படியும் அவர்களே தருவார்கள். பெரிய படிப்புக்குப் பணம் வரும், சிறிய படிப்புக்குப் பணம் போகும் என்னும் இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சாத்தூர்ச் சந்தையில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஆனால் நம் மூன்று வருஷத்து பி.ஏ.யைப் பல சர்வகலாசாலைகள் முழுப் பட்டமாக எண்ணுவதில்லை ஆகையால், பையன் முதலில் சிதம்பரத்தில் அண்ணாமலையிலோ, ஹைதராபாத்திலோ, டில்லியிலோ மொழியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு வருவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு வந்த ஜனங்கள் அக்கினிச் சட்டியை இறக்கி ஊர் திரும்பிய கையோடு காரியத்தைத் தொடங்கினால்தான் மார்கழி பிறப்பதற்குள் முடியும். துறைகள் பல, டிசம்பர் முதல் தேதியிலிருந்து 15-ஆம் தேதிக்குள் கதவை அடைத்துவிடுகின்றன. முடிவு மாசி பங்குனியில் தெரியும். கிடைத்த இடத்தை ஒப்புக்கொள்ள ஏப்ரல் 15 வரை அவகாசம்.

இனி, சிபாரிசுக் கடிதங்கள். மூன்று பேரிடம் வாங்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு வழங்கும் முறை தங்களுக்குத் தெரியாததல்ல: ஆசிரியரிடம் போய் நின்றால், 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார், மாணவனும் தன்னைத்தானே புகழக் கூசி, நன்னடத்தைச் சான்றிதழில் உள்ள வாசகங்களையே நீட்டி, இவன் அடக்கமானவன், கீழ்ப்படிந்தவன், வகுப்புக்கு நேரந்தவறாமல் வருபவன், எதிர்த்து ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்று எழுதிக் கொடுப்பான். முதல் மூன்றையும் இங்கே படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். நான்காவதைப் படித்தவுடன் விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுவார்கள். இந்தப் பையன் எதைப் புதிதாக யோசித்தான், எந்தக் கட்டுரையில் எங்கே ஆசிரியரோடு மாறுபட்டான், அவன் சொன்னது சரியாக இருந்ததா என்பதையே அவர்கள் தேடுகிறார்கள். ஆகவே ஆசிரியரோடு ஒரு தடவையாவது மரியாதையாகச் சண்டை போட்டுவைக்கும்படி பையனிடம் சொல்லுங்கள்.

நோக்க உரை என்று ஒன்று எழுத வேண்டும். இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். இந்த இடத்தில் தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் விண்ணப்பித்த காலத்தில், தமிழின் தொன்மையையும் தனிச் சிறப்பையும் பற்றி, 1856-இல் வெளிவந்த கால்டுவெல் ஒப்பிலக்கணத்தைச் சாட்சிக்கு அழைத்து, தாங்கள் இரவெல்லாம் கண் விழித்து எழுதித் தந்த முன்னுரையை நான் அதில் சேர்க்கவில்லை. அதில் சொல்நயம் குறைவென்றோ, விஷயம் பொய்யென்றோ நினைத்தல்ல. பிள்ளைப் பிராயம் முதல் மொழியின்மேல் எனக்குத் தீராத காதல் என்றும், என் தாய்மொழி உலகத்திலேயே பழமையானது என்றும் தொடங்கும் உரைகள் எல்லாத் தேசங்களிலிருந்தும் இங்கே வந்து குவிகின்றன. எல்லோருக்கும் தத்தம் தாய்மொழியே மூத்தது. படிப்பவர்கள் அதையெல்லாம் தாண்டிப் போய், உனக்குத் தெரியாதது என்ன, அதை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். பதினைந்து வருஷம் விடையை மனப்பாடம் செய்தே தேறி வந்த ஒருவனிடம் திடீரென்று கேள்வியைக் கொண்டு வா என்றால் அவன் எங்கே போவான்?

எனக்கு அந்தக் கேள்வி பக்கத்து வீட்டிலேயே இருந்தது. நம் சாத்தூர் வட்டாரத்திலும் கோவில்பட்டிப் பக்கத்திலும் வீட்டுக்குள்ளே தெலுங்கும் தெருவிலே தமிழுமாக வாழும் குடும்பங்கள் எத்தனையோ. நாயக்கர் காலத்தில் வந்தவர்கள். தெலுங்கு எழுத்து ஒன்றுகூட அறியாதவர்கள். கடிதம், கணக்கு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழிலேதான். இடைசெவல் கி. ராஜநாராயணன் அப்படி ஒரு வீட்டில் பிறந்தவர்தாமே? கரிசல் தமிழுக்கு 1982-இல் சொல்லகராதி தந்தவர் தெலுங்கு வீட்டுப் பிள்ளை என்பதைத் தாங்களே வகுப்பில் சொல்லி வியந்திருக்கிறீர்கள். ஏட்டின் துணையில்லாமல், ஆந்திரத்தின் தொடர்பும் இல்லாமல், நூற்றாண்டுகளாக வாய்வழியாகவே பிழைத்து வந்த அந்தத் தெலுங்கினுடைய வாக்கிய அமைப்பைத் தமிழ் எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது, எந்த இடத்தில் மாற்ற முடியாமல் விட்டிருக்கிறது என்பதே நான் எழுதிய கேள்வி.

அதை இந்த ஊர்த் துறையினர் மதித்தார்களோ என்னவோ, தை மாதத்தில் ஒருநாள் திரை வழியாக நேர்முகம் வைத்தார்கள். இங்கே காலை பத்து மணி, அங்கே இரவு எட்டரை. தங்கள் வீட்டு மாடியறையில் இஸ்திரி போட்ட சட்டையும், கீழே திரையில் தெரியாது என்ற தைரியத்தில் கைலியுமாக உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் வணக்கம் சொல்லி வாய் மூடுமுன்னே கொல்லையில் கலகம் எழுந்தது. நாயக்கரம்மாளின் செவலைக் கோழி நம் வீட்டுப் பஞ்சாரத்துக்குள் அடைபட்டுவிட்டதாம். அது தானாக நுழைந்ததா, அத்தை வேண்டுமென்றே கவிழ்த்தாளா என்பதே விவகாரம். நாயக்கரம்மாள் அத்தையைத் தமிழிலும், கோழியைப் பார்த்துக்கொள்ளாத பேரனைத் தெலுங்கிலும், ஒரே மூச்சில், இடையிலே நிறுத்தக்குறி வைக்கக்கூட இடந்தராமல் ஏசிக்கொண்டிருந்தாள். ஜன்னலைச் சாத்த எழுந்தால் கைலி தெரிந்துவிடும். எழாவிட்டால் கோழி வழக்கு அமெரிக்கா வரைக்கும் கேட்கும். நான் திகைத்துக்கொண்டிருக்கும்போதே பேராசிரியர் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'பேசுவது ஒருவரா, இருவரா?' என்றார். ஒருவர்தான் என்றேன். 'எந்த இடத்தில் மாறுகிறார்?' என்றார். அதன் பிறகு நான் தயாரித்து வைத்திருந்த பதில்களில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. பொழுதெல்லாம் அந்த வசவிலேயே போயிற்று. எனக்கு இடம் கிடைத்தது மதிப்பெண்ணாலா, செவலைக் கோழியாலா என்பது இன்றைக்கும் நிச்சயமில்லை.

மற்ற இடங்களிலிருந்து வந்த மறுப்புக் கடிதங்களைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தங்கள் ஆர்வத்துக்கு மனமார்ந்த நன்றி, தங்கள் சாதனைகள் எங்களைக் கவர்ந்தன, தங்கள் எதிர்காலம் ஒளிமயமாக விளங்கும் என்று ஒன்று வந்ததே, அதை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, கடைசி வாக்கியத்துக்கு நான் வருமுன்னே மாரியம்மனுக்குப் பொங்கலிட அரிசி களைந்துவிட்டாள். இல்லை என்பதை இவ்வளவு உபசாரமாகச் சொல்லும் ஜாதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பையன் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கட்டும்.

சென்னையில் விசாவுக்குப் போன கதையில் சொல்ல அதிகமில்லை. பட்டாவும் பாஸ் புத்தகமும் அத்தையின் நகை மதிப்பீடும் அடங்கிய தங்கள் பெரிய பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர், என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டு, மொழியியல் என்று நான் சொன்னதும், எத்தனை மொழி பேசுவாய் என்றார். நம் ஊர் டீக்கடையில் கேட்கிற அதே கேள்விதான். ரசாயனம் படித்தவனிடம் எத்தனை அமிலம் குடிப்பாய் என்று யாரும் கேட்பதில்லை.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போனார்கள் என்றால் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள், சீமை எழும்பிற்று. நீ போய்ப் பேச்சைக் கற்று வந்து என்ன செய்யப் போகிறாய் என்று தாங்கள் ரயிலடியில் கேட்டீர்கள். சீமை எழும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இந்த வழி முன்னமே நம்மவர்கள் நடந்த வழிதான். நாகர்கோவில் வடசேரிக்காரரான வ.அய். சுப்பிரமணியம் ராக்பெல்லர் நிதியில் இதே புளூமிங்டனுக்கு வந்து, தமிழின் ஒரு பேச்சு வழக்கை விவரித்து 1957-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தரும் அவரே. அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்த ச. அகத்தியலிங்கமும் இங்கே படித்தவர். மைசூரில் தமிழ் ஐயங்கார் வீட்டில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் 1959-இல் புல்பிரைட் உதவியோடு கப்பலேறி வந்து, 1963-இல் இங்கே மொழியியலில் டாக்டரானார். அவர் சிகாகோ சர்வகலாசாலை நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போன இடத்தில், உ.வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்த கதையை இங்குள்ள தமிழ் மாணவர்கள் ஸ்தல புராணமாகவே சொல்கிறார்கள். அவர்கள் காலத்தில் அறக்கட்டளைகள் பணத்தோடு நம் நாட்டுக்கு வந்து ஆளைத் தேடின. புனா டெக்கான் கல்லூரியில் 1954 முதல் மொழியியல் வகுப்புகள் நடந்ததும் அந்த ராக்பெல்லர் பணத்திலேதான். இப்போது நாம் கட்டணத்தோடு அவர்களைத் தேடுகிறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

பையனுக்கு நான் கேட்கிற முதல் சாமான் மதிப்பெண் பட்டியல் அல்ல. அது அப்புறம் வரட்டும். அவன் பாட்டி அடுத்த தடவை ஏசும்போது, யாரை எந்தப் பாஷையில் ஏசினாள், எந்தச் சொல்லில் தாவினாள் என்பதை ஒன்றுவிடாமல் தமிழ் எழுத்திலேயே எழுதி, தன் நோக்க உரையின் முதல் நகலோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாட்டியிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் மரியாதையாகப் பேச ஆரம்பித்து, காரியத்தைக் கெடுத்துவிடுவாள்.

மே மாதம் இங்கே வகுப்பு முடிந்துவிடும். டிக்கெட் விலை இடங்கொடுத்தால் ஆடிக்கு அங்கே இருப்பேன். நான் அக்கினிச் சட்டி எடுப்பதாக என்னைக் கேட்காமலே அத்தை நேர்ந்துகொண்டது பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம். பார்சலில் சாத்தூர்ச் சேவு அனுப்பினால் காரச் சேவாக அனுப்பவும். சென்ற தடவை வந்தது வழியிலேயே பொடியாகி, திருநீற்றைப் போல எல்லோருக்கும் ஒரு சிட்டிகைதான் கிடைத்தது.

தங்கள் அன்புள்ள
மருமகன்