வாட்டைக் கூட்டினால் பாட்டு எடுபடுமா?

கேள்வி: ஐந்து பேர் கொண்ட கிராமியப் பாட்டுக் குழு எங்களுடையது. ஆயிரம் வாட் ஸ்பீக்கரை இரண்டாயிரமாக மாற்றலாமா?
– ஒரு வாசகர், பரவை

பதில்: மாற்றலாம், வேன்காரருக்குச் சுமை கூடும். வாட்டை இரட்டித்தால் ஒலி ஏறுவது 3 டெசிபல்தான். முன்வரிசைப் பாட்டிகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் பிடித்த மைக்கை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தாலோ சுமார் 6 டெசிபல், காசில்லாமல்! ஆகவே பணத்தை முதலில் நல்ல மைக்கில் போடுங்கள். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் நிற்பதற்கு ஒரு காரணம், முதுகுப் பக்கத்துச் சத்தத்தை அது அதிகம் வாங்காது. அந்த முதுகை, பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குக் காட்டுங்கள். சினிமா ஸ்டைலில் வலைத்தலையைப் பொத்திப் பிடித்தால் அந்தக் குணம் கெட்டு, 'கூ...' என்று ஊளையிடும். பெரிய ஸ்பீக்கர்கள் பாடுபவருக்கு முன்னால், கூட்டத்தின் தலைக்கு மேலே இருக்கட்டும்.

'பறைச் சத்தத்தில் பாட்டு அமுங்குகிறதே' என்பீர்கள். பறைக்கும் ஒரு மைக் கொடுத்துவிட்டு, அதை ஜெயிக்க ஸ்பீக்கர் தேடுவானேன்? அடிப்பவரைப் பாடகருக்கு நேர் பின்னால் நிறுத்தாதீர்கள். மைக்கின் வாய் அவரைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. பக்கவாட்டில் தள்ளுங்கள். 'உங்கள் யோசனையெல்லாம் எதற்கு, எங்கள் ஊர் பரவை முனியம்மா குரலுக்கு மைக்கே தேவைப்பட்டதா?' என்று கேட்டால், நியாயம்தான். 'தூள்' (2003) படத்தில் உலகம் கேட்ட அந்தத் தொண்டை உங்கள் குழுவில் இருந்தால், எனக்குக் கேள்வி அனுப்பியிருக்கமாட்டீர்கள். பெரிய திருவிழாக் கூட்டமா? அன்றைக்கு மட்டும் வாடகை சவுண்ட் செட். அட்வான்ஸை விழாக் கமிட்டி தலையில் கட்டுங்கள்.