கடலைக் காணவில்லை: ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: காரில் கடலோரமாகப் போக ஆசைப்பட்ட ஒரு குடும்பஸ்தர், சென்னை.

பெறுநர்: கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள். (ஒரு பகுதி மாநிலத்துடையது, ஒரு பகுதி தேசிய நெடுஞ்சாலை என்பதால், உறையை யார் முதலில் பிரிக்கிறாரோ அவர்.)

பொருள்: சாலை நெடுகிலும் கடல் தென்படாதது தொடர்பாக.

பார்வை: கிடைக்கவில்லை.

ஐயா,

மேற்காண் பொருள் தொடர்பாக மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில், அவர் திருவான்மியூரில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை குடும்பத்தோடு கடலோரமாகவே போய்ச் சேரத் திட்டமிட்டார். தெற்கே போனால் கடல் இடது கைப்பக்கம். அதனால் இடது ஜன்னல் சீட்டுக்காகப் பிள்ளைகளுக்குள் முந்தின நாள் இரவே அடிதடி. முறை வைத்து உட்காருங்கள் என்று மனுதாரரின் மனைவி தீர்ப்புச் சொன்னார். வலது ஜன்னலில் உட்கார்ந்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பது சாலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

இடது ஜன்னலில் தெரிந்தவை வருமாறு: காம்பவுண்டுச் சுவர், சுவர்மேல் பதித்த கண்ணாடிச் சில்லு, இரும்புக் கேட், கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி, ‘கடலைப் பார்த்த மனைகள் விற்பனைக்கு’ என்ற விளம்பரம். முட்டுக்காட்டுப் பாலத்தில் மட்டும் முகத்துவாரத்துக்கு அப்பால் நீலமாக ஒரு கீற்று. சின்னவன் “அதோ!” என்று கை நீட்டுவதற்குள் பாலம் முடிந்துவிட்டது. பிறகு மறுபடி சுவர், சவுக்குத் தோப்பு, சுவர்.

சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் மட்டும் கடலோரச் சாலைக்கான கட்டணத்தைத் தவறாமல் பிடித்துக்கொண்டது.

நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் கடல்நீர் ஆலை இயங்குகிறது. பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்துவிட்டது. சென்னைக்காரர் சமையலறைக் குழாயைத் திறந்தால் வந்துவிடுகிற கடல், அந்த ஆலையை ஒட்டிப் போகிற சாலைக்கு மட்டும் முகம் காட்ட மறுக்கிறது. மரக்காணத்தில் சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீர், வரப்போரம் குவித்து வைத்த உப்பு, மழைக்குப் பயந்து கீற்று போர்த்திய அம்பாரங்கள். பிள்ளை இங்கே இருக்கிறது, பெற்றவளைக் காணோம்.

இதில் உள்ள கருணையை மனுதாரர் உணராமல் இல்லை. கடல் தெரிந்தால் ஓட்டுகிறவர் கவனம் சிதறும். ஆகவேதான் கடலூரைத் தாண்டியதும் சாலை உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கிச் சிதம்பரம், சீர்காழி என்று தல யாத்திரை போய்விடுகிறது. வேளாங்கண்ணி வரை வந்து மாதாவைக் கும்பிட்ட கையோடு திருத்துறைப்பூண்டி பக்கம் திரும்பி, வேதாரண்யம், கோடியக்கரை என்ற மூலையையே விட்டுவிடுகிறது. 1930இல் திருச்சியிலிருந்து நடந்தே புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யம் போய் உப்பு அள்ளினார்கள். காரில் போன மனுதாரர் முத்துப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

எனவே அவர் தம் திட்டத்தைத் திருத்தி, சாலையை விட்டு எங்கெங்கே இடப்பக்கம் திரும்புவது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டார். தரங்கம்பாடிக்குத் திரும்பினால் டேனிஷ்காரர்கள் 1620இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை. வாசலில் நின்றாலே அலைச்சத்தம். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் திரும்பினால் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடத் தஞ்சாவூர் அரசர் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம். தூத்துக்குடியும் திருச்செந்தூரும் தாண்டி மணப்பாட்டுக்குத் திரும்பினால், மணல்குன்றின் மேல் தேவாலயம், கீழே கடல். ஆக, கடற்கரைச் சாலையில் கடல் பார்க்க விரும்புகிறவர் முதலில் கடற்கரைச் சாலையை விட்டு இறங்க வேண்டும்.

பாம்பனில் நிலைமை தலைகீழ். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல், பக்கத்தில் 2025இல் திறந்த புதிய ரயில் பாலம். ஆனால் வண்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பின்னால் பஸ், அதன் பின்னால் விசில். கடல் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கடல் இருக்கிற இடத்தில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

தனுஷ்கோடிக்கு மனுதாரர் தனியாக நன்றி சொல்கிறார். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்த பிறகு மணலில் வேனும் ஜீப்பும்தான் போய்வந்தன. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது. அங்கே இடது ஜன்னல், வலது ஜன்னல் என்ற தகராறே இல்லை. மனம் வைத்தால் துறையால் முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி. கர்நாடகத்தின் மரவந்தேயில் ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவே தேசிய நெடுஞ்சாலை 66 என்றெல்லாம் சொல்லித் தங்களை வருத்த அவர் விரும்பவில்லை.

சாலையை அலைக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொல்வதாகவும் தாங்கள் எண்ண வேண்டாம். கடலரிப்பும் சுனாமியும் கண்ட கரை இது. சாலைக்கும் கடலுக்கும் நடுவே மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. வலை காய்கிற இடத்தில் கார் நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. அவர் கேட்பது சுவர்களைப் பற்றி. 1991இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே, கடற்கரை விடுதிகள் இரண்டுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகலத்துக்காவது இடைவெளி விட வேண்டும் என்று இருக்கிறது. அந்த இடைவெளிகளை அவர் வழிநெடுகத் தேடினார். கேட்டுகளைத்தான் கண்டார்.

ஆகவே தயவுகூர்ந்து,

1. மேற்படி 20 மீட்டர்கள் எங்கெங்கே உள்ளன என்று சாலையோரம் பலகை வைக்குமாறும், காணாமல் போயிருந்தால் கண்டுபிடித்துத் தருமாறும்,

2. கடல் தெரிகிற சொற்ப இடங்களில் நாலு கார் ஒதுங்கி நிற்க இடமும், ஒரு கழிப்பறையும், ஒரு குப்பைத்தொட்டியும் அமைக்குமாறும்,

3. இவை இயலாத பட்சத்தில், ‘கிழக்குச் சுவரோரச் சாலை’ என்று பெயர் மாற்றி அரசாணை வெளியிடுமாறும்

மனுதாரர் கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இடது ஜன்னல் மனுதாரர்.

இணைப்பு: சுங்கக் கட்டண ரசீதுகள், சின்னவன் எடுத்த புகைப்படங்கள் (அனைத்தும் சுவர்).

நகல்: வங்காள விரிகுடா அவர்களுக்கு, தகவலுக்காகவும் நேரில் ஆஜராவதற்காகவும்.