பால் முந்தியா, டீ முந்தியா?

பிரிட்டனில் டீக்குப் பாலைக் காய்ச்சுவதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று அப்படியே ஊற்றுகிறார்கள். நம் ஊர் டீ மாஸ்டர் பார்த்தால் கிளாஸைப் பிடுங்கிக் கொட்டிவிடுவார். அவர்களுக்கோ அதில் ஒரு குறையும் தெரிவதில்லை, கவலையெல்லாம் வேறு. கோப்பையில் முதலில் விழ வேண்டியது பாலா, டீயா?

1946 ஜனவரியில் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் லண்டனின் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் நல்ல டீக்குப் பதினொரு விதிகளை எழுதினார். போர் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், ஏறக்குறைய 57 கிராம் தேயிலைதான். அந்தப் பஞ்சத்திலும் ஒரு லிட்டர் சொச்சம் கொள்ளும் டீபாட்டுக்கு ஆறு டீஸ்பூன் குவித்துப் போடச் சொன்ன மனிதர்! டீயை முதலில் ஊற்று, பாலைப் பிறகு சேர். அப்போதுதான் பாலின் அளவு கைக்குள் நிற்கும் என்பது அவர் கட்சி. சர்க்கரை கூடவே கூடாது. அதற்கு மிளகையோ உப்பையோ போட்டுக்கொள்ளலாமே என்று ஏளனம் வேறு. ஆர்வெல் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில். காஷ்மீரில் பிறந்திருந்தால் உப்பைப் பற்றி இப்படி வாய்விட்டிருக்க மாட்டார். அங்கே பால் டீக்கு உப்புதான்.

விஞ்ஞானிகளின் சண்டை இன்னும் பழையது. 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் விவசாய ஆய்வு நிலையத்தில், பாசி ஆராய்ச்சியாளர் முரியல் பிரிஸ்டலுக்கு ரொனால்ட் ஃபிஷர் ஒரு கோப்பை டீ நீட்டினார். அம்மையார் வாங்கவில்லை. பால் முதலில் விழுந்த டீதான் தனக்குப் பிடிக்கும், எது முந்தி விழுந்தது என்று குடித்தே சொல்வேன் என்றார். இன்னொருவராக இருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார். ஃபிஷர் புள்ளியியல் ஆசாமி. எட்டுக் கோப்பைகள்: நான்கில் பால் முந்தி, நான்கில் டீ முந்தி, வரிசையைக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பது. வெறும் குருட்டு யோகத்தில் எட்டையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புதான். 1935இல் வந்த ‘சோதனைகளின் வடிவமைப்பு’ நூலில் இந்த டீக்கு ஓர் அத்தியாயமே கொடுத்தார். முடிவை மட்டும் அதில் எழுதவில்லை. அம்மையார் எட்டையும் சரியாகச் சொன்னார் என்பது வாய்வழிச் செய்தி.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். 1980இல் பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் டீ போட ஆறு பக்க விதிமுறை வெளியிட்டது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, ஊற ஆறு நிமிடம். பாலை முதலில் ஊற்ற வேண்டும். உங்கள் நிறுவனத்தின் வழக்கம் வேறென்றால் அப்படியே செய்துகொள்ளலாம். பஞ்சாயத்துத் தலைவர் தோற்றுப்போவார்! தேயிலை மாதிரிகளைச் சுவைத்து ஒப்பிடுவதற்கான விதி இது, பாவம், குடிப்பதற்கானதல்ல. ஆனாலும் 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல், அதாவது கிண்டல் நோபல், இதற்குத்தான் கிடைத்தது.

2003இல் ஆர்வெல்லின் நூற்றாண்டுக்கு ராயல் வேதியியல் கழகம் கொடுத்த பரிசு, அவர் சொன்னது தப்பு என்ற அறிக்கை. கொதிக்கும் டீயில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் சூட்டில் பாலின் புரதம் திரிந்து சுவை கெடுமாம். பால் முதலில் இருந்தால் அந்தச் சூடு ஏறாதாம்.

நம் கடைகளில் பால் காலையிலிருந்தே அடுப்பில் கொதிக்கிறது. திரிய வேண்டிய புரதமெல்லாம் முதல் வாடிக்கையாளர் வருமுன்பே திரிந்துவிட்டது. ஆகவே நீங்கள் எதை முதலில் ஊற்றினாலும் சரிதான். ஆடை விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.