பைப்பு போட்ட பலசாலிக்கு

வா மருமகனே, வா. போல்ட்டுத் தலைய மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு வர்றியே, ஒடம்பு எங்க? சேசிஸுக்குள்ளயா? 17-ம் நம்பர் ஸ்பேனர்ல நீளமாப் பைப்ப மாட்டி, அது மேல ஏறி நின்னுருப்ப. வடமதுரையில ஒன்னைய மாதிரி பலசாலிக இருக்கவும்தான் போல்ட்டுக் கடைக்காரன் பொழப்பு ஓடுது.

ஏன் இறுகுச்சுன்னு யோசிச்சியா? வியாழக்கிழமை தவறாம அய்யலூர் சந்தைக்குக் குட்டியானையில ஆடு ஏத்துற. ஏறுன ஆடு சும்மாவா வரும்? அது பெய்யுற மூத்திரம் பூராம் பலகை இடுக்கு வழியா எறங்கி சேசிஸுல நிக்குது. மறுநா தண்ணி பீச்சி அடியக் கழுவுனியா? முன் கண்ணாடியத் தொடச்சு ஸ்டிக்கர் ஒட்டுன. உப்புப் பட்ட இரும்பு சீக்கிரம் துருவேறும். துரு, தின்ன இரும்ப விட ரெண்டு மடங்குக்கு மேல எடம் கேக்கும். மரைக்குள்ள ஏது எடம்? பொங்கலுக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி புகுந்து காலை நீட்டிப் படுத்துக்கிருச்சு.

நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. சாவியே இல்லாத ஒரு போல்ட்டத் தெறக்க முடியாம நிக்கிறன்னு வெளிய சொல்லிராத, குறியீட்டத் திருப்பிக் கேட்டுருவாங்க.

ஒடைஞ்சது ஒடைஞ்சுபோச்சு. மிச்ச மூணு போல்ட்டுக்காவது கேளு. கம்பி பிரஷ்ஷால சொரண்டி, துரு எளக்குற எண்ணெய அடிச்சுட்டு, ஒரு ராத்திரி விட்டுரு. அடிச்ச கையோட ஸ்பேனரத் தூக்கணும்னு கை பரபரக்கும், அதைத்தான் அடக்கணும். காலையில தலையில சுத்தியலால நாலு தட்டு தட்டு. வாய் ஸ்பேனர் வேணாம், முனைய மழுக்கிரும்; ஆறு பட்டை சாக்கெட்டப் போடு. மொதல்ல ஒரு மயிரிழை இறுக்கு, அப்புறம் கழட்டு. கொஞ்சம் வந்தா திரும்ப உள்ள விடு, எண்ணெய் விடு, மறுபடி இழு. நம்ம ஊர்ல பொண்ணு கேக்கப் போறவனே நாலு நடை நடக்குறான், போல்ட்டுக்கு ஒரு நடையில முடியணுமாக்கும்.

அந்த ஒடைஞ்ச முண்டத்துக்கு வெல்டிங்காரன்தான் வைத்தியன். எண்ணெயத் தொடைச்சுட்டு, பேட்டரியக் கழட்டி வச்சு, டேங்கையும் டீசல் டியூப்பையும் பிரேக் ஹோஸையும் பாத்துட்டுப் பத்த வைக்கச் சொல்லு. இல்லாட்டி போல்ட்டு கழண்டுரும், வண்டி இருக்காது. முண்டத்து மேல வாஷர வச்சு வெல்டிங்குல ஒரு பத்து, அது மேல நட்ட வச்சு ஒரு பத்து. அந்தச் சூட்டுலயே துருவோட பிடி பாதி விட்டுப்போகும். செவப்பு அடங்கவும் மெழுகுவர்த்திய ஓரத்துல வை, உருகி மரைக்குள்ள எறங்கும். அப்புறம் நட்டப் பிடிச்சு முன்னயும் பின்னயும் அசை.

வெல்டிங்குக்குச் செலவாகும்னு, போல்ட்டு நடுவுல தொளை போட்டு எடுக்குற ஈஸி அவுட்ட வாங்கிட்டு வந்துராத. கெட்டியான எஃகு அது, ஒன் பலத்துக்குப் படக்குன்னு உள்ளயே ஒடையும். அப்புறம் சாதா டிரில்லு அதுல பல்லக் கூட வைக்காது. வேற வழியே இல்லைன்னா சென்டர் பஞ்ச் நடுவுல அடிச்சு, சின்னத் தொளையில ஆரம்பிச்சு, 10 எம்எம் போல்ட்டுன்னா 8.5 வரைக்கும் போயி, 1.5 டேப்பு விட்டு மரை எடுக்கணும். ஓரமாப் போச்சுன்னா சேசிஸு மரையும் சேந்து போயிரும்.

கையில வச்சிருக்கியே தலை, அதைத் தூக்கி எறிஞ்சுராத. மேல 8.8-ன்னு பொறிச்சிருக்கும். ஒன் ராசி எண்ணு இல்லப்பா, இரும்போட வலு. அதே எண்ணுல, அதே மரையில வாங்கி, கிரீஸ் தடவி மாட்டு.

கெளம்பு, வெல்டிங்காரன் சாப்பாட்டுக்குப் போறதுக்குள்ள பிடி. கூலி சொன்னா, சந்தை நெனப்புல துண்டுக்குள்ள அவன் வெரலப் பிடிச்சுப் பேரம் பேசிராத. அவன் கையில நெருப்பு இருக்கு.