மூன்று குழாய்க்கு ஆறு பிரிபொசிஷன்

ஆங்கிலத்தில் ஒருவன் சும்மா திருடிவிட்டுப் போய்விட முடியாது. அவன் பின்னாலேயே ஒரு பிரிபொசிஷன் போகும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் 'இங்' போகும்.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மூன்று பித்தளைக் குழாய்கள் காணாமல் போயின. போலீசுக்குப் புகார் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அலுவலகத்தில் டிராஃப்ட் போட்டே ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த மாதிரி வேலைகள் எல்லாம் எனக்குத்தான். தமிழிலேயே எழுதிவிடலாமே என்றேன். "இங்கிலீஷ்ல குடுத்தாதான் சார் ஒரு பயம் இருக்கும்" என்றார் செயலாளர். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்தால், எதிரே பிளஸ் டூ படிக்கும் என் தங்கை மகள். அவளுக்கு மறுநாள் ஆங்கிலத் தேர்வு. கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே வேலைதான் என்று நான் அவளுக்குத் திருடனை வைத்தே பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

ஓர் ஆள்மீது நமக்குச் சந்தேகம். அப்போது அவன் 'சஸ்பெக்டட் ஆஃப் ஸ்டீலிங்'. கொஞ்சம் துணிச்சல் வந்து வாய்விட்டுச் சொல்லிவிட்டோம். 'அக்யூஸ்டு ஆஃப் ஸ்டீலிங்'. இதுவரை 'ஆஃப்'தான், நிம்மதி. போலீஸ் பிடித்தால் 'அரெஸ்டட் ஃபார் ஸ்டீலிங்'. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் 'சார்ஜ்டு வித் ஸ்டீலிங்'. விசாரணையில் அவனே ஒப்புக்கொண்டால் 'கன்ஃபெஸ்டு டு ஸ்டீலிங்'. நீதிபதி குற்றவாளிதான் என்று சொல்லிவிட்டால் பழையபடி 'ஆஃப்'. 'கன்விக்டட் ஆஃப் ஸ்டீலிங்'. தண்டனை என்று வரும்போது மறுபடியும் 'ஃபார்'. நடுவில் அவன் தப்பிப் போனால் 'சக்ஸீடட் இன் எஸ்கேப்பிங்'. தப்பவிடாமல் வாசலிலேயே மடக்கினால் 'ப்ரிவென்டட் ஃப்ரம் எஸ்கேப்பிங்'.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "மூணு குழாய்க்கு ஆறு பிரிபொசிஷனா மாமா?"

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். ஆனால் இதில் ஒரு வசதியும் உண்டு: வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பிரிபொசிஷனைப் பார்த்தே சொல்லிவிடலாம். நம் ஊரில் வாய்தாத் தேதியைப் பார்த்தால்கூட அது தெரியாது.

செயலாளர் புகாரை இரண்டு முறை படித்தார். "எல்லாம் சரி சார், 'டூ தி நீட்ஃபுல்' காணோமே" என்றார். சேர்த்துக் கொடுத்தேன். காவல் நிலையத்தில் வாங்கிப் பார்த்தவர், "தமிழ்ல ஒரு காப்பி எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திருடனைப் பாடத்தில் இழுத்தது என் குறும்பு மட்டும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளுக்கு எந்தச் சொல்லுக்கு எந்தப் பிரிபொசிஷன் என்று நீண்ட பட்டியல்களால் சொல்லிக்கொடுத்த புத்தகம் ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென், பெர்சிவல் கிறிஸ்டோபர் ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். வெளிநாட்டில் அவர் பெயர் தெரிந்தது இலக்கணத்தால் அல்ல, 1924-இல் எழுதிய 'போ ஜெஸ்ட்' என்ற நாவலால். 1939-இல் கேரி கூப்பர் நடித்துப் படமாகவும் வந்தது. கதை என்ன தெரியுமா? திருட்டு! விலைமதிப்பற்ற ஒரு நீலக்கல் காணாமல் போகிறது. சகோதரர்கள் மூன்று பேர். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பிரெஞ்சுப் படையில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு கல்லுக்கு மூன்று திருடர்களை ஏற்பாடு செய்த மனிதர், ஒரு திருட்டுக்கு ஆறு பிரிபொசிஷன் கொடுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆறிலும் கெட்டிக்காரத்தனம் அதிகம் உள்ளது 'டு'. மற்றவை வந்தால் அடுத்தது 'இங்' என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். 'டு'வை அப்படி நம்ப முடியாது. 'வான்ட் டு கோ' என்பதில் வினை மொட்டையாக நிற்கும். 'லுக் ஃபார்வர்ட் டு கோயிங்' என்பதில் 'இங்' வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்து பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள். பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் வந்ததும் அதே பிரிபொசிஷன்தான். நாளாக நாளாக அது தன் வேலையை மறந்து வெறும் அடையாளமாகத் தேய்ந்துவிட்டது. தேயாத பங்காளி இன்னும் பெயர்ச்சொல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

யார் எந்த 'டு' என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வினையை எடுத்துவிட்டு அங்கே பொங்கலை வையுங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு பொங்கல்' நிற்கிறது, ஆகவே 'இங்'. 'வான்ட் டு பொங்கல்' நிற்கவில்லை. ஆகவே மொட்டை வினை. இவ்வளவு சுலபமாக இருந்தும், நம் ஊர் வேலை விண்ணப்பங்களில் பல 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்றுதான் முடிகின்றன. 'ஹியரிங்' என்று சரியாக எழுதியவர்களுக்கும் பதில் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த 'டு' உயிர் விஷயத்திலும் விளையாடும். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்டா என்று டாக்டர் கேட்க, அண்ணன், "ஐ யூஸ்டு டு டேக் ஒன் டேப்லட் எவ்ரி மார்னிங்" என்று கம்பீரமாகச் சொன்னார். டாக்டர் முகம் மாறியது. எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நிறுத்தவே இல்லையே என்றார் அண்ணன். பிறகு ஏன் 'யூஸ்டு டு' என்றார் டாக்டர். தினமும் போடுகிறேன், அதனால்தான் 'யூஸ்டு டு' என்றார் அண்ணன். கடைசியில் மருமகள் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அந்த உரையாடலுக்குப் பிறகு எடுத்த ரத்த அழுத்தத்தை டாக்டர் கணக்கில் சேர்க்கவில்லை.

அண்ணன் மனத்தில் ஓடியது 'சாப்பிடுவது வழக்கம்'. ஆங்கிலத்தில் 'யூஸ்டு டு டேக்' என்றால் அந்த வழக்கம் போயே போய்விட்டது என்று பொருள். 'ஆம் யூஸ்டு டு டேக்கிங்' என்றால் பழகிவிட்டது என்று பொருள். ஓர் 'ஆம்', ஓர் 'இங்'. இவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ப்ரிவென்ட்' வந்தால் 'ஃப்ரம்' வேண்டும் என்று நம் பிள்ளைகளை உருட்டி எடுக்கிறோம். இங்கிலாந்துக்காரர் 'ப்ரிவென்ட் ஹிம் லீவிங்' என்று 'ஃப்ரம்' இல்லாமலும் எழுதுவார். அமெரிக்கர் பெரும்பாலும் 'ஃப்ரம்'மை விடமாட்டார். என் தங்கை மகள் இங்கிலாந்துக்காரர் மாதிரி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

"தமிழ்ல இந்தத் தொல்லையே இல்ல மாமா" என்றாள். இல்லையா? அதே திருடனைத் தமிழில் நடத்திக் காட்டினேன். திருடிய'தாக'ச் சந்தேகம், திருடிய'தற்காக'க் கைது, திருடிய'தை' ஒப்புக்கொண்டான். நாய்'க்கு'ப் பயந்தான் என்கிறோம். தமிழ் கற்கும் அயலார் காதில் அது நாயின் நலன் கருதிப் பயந்த மாதிரி விழும். அச்சத்துக்கு இரண்டாம் வேற்றுமையும் வரும், ஐந்தாம் வேற்றுமையும் வரும் என்று வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் சொல்லிவைத்தார். நாம் அது போதாதென்று நான்காவதையும் சேர்த்துக்கொண்டோம். அந்த இயலின் பெயரிலேயே 'மயங்கியல்' இருப்பதைக் கவனிக்கவும்.

விதியும் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். வேற்றுமை உருபு பெயரோடுதான் சேரும். ஓடு என்ற வினை உருபு ஏற்க ஆசைப்பட்டால் முதலில் ஓடுவது, ஓடுதல் என்று தொழிற்பெயராக மாறியாக வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது 'இங்'. உருபு நமக்குப் பின்னால், அவர்களுக்கு முன்னால், அவ்வளவே. இதைத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் சொல்லியிருந்தால் பாதிப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள். ஆசிரியர் அறையில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது ஊதிய உயர்வைப் பற்றி மட்டும்தான்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடிட்ட இடத்தில் பிரிபொசிஷனைக் கேட்காதீர்கள். அதை நீங்களே கொடுத்துவிட்டு, அடுத்து வரும் வினையை எப்படி எழுதுவது என்று கேளுங்கள். 'இங்' போடுவதற்கு விதி இருக்கிறது, பிள்ளைகள் யோசித்து எழுதலாம். 'ஆஃப்'பா 'வித்'தா என்பது கேட்டுக் கேட்டுக் காதில் ஏற வேண்டியது. உட்கார்ந்து யோசித்தால் வராது. யோசித்தாலும் வராத ஒன்றுக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமே இல்லை.