உட்கார்ந்த இடத்தில் ஒரு வருட மலையேற்றம்

மலை ஏறுவதில் ஒன்றும் இல்லை. ஆடு ஏறுகிறது. தேன் எடுப்பவர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறார். பழனியில் காவடியும் அலகுமாக ஏறுகிறார்கள். ஏறியதைப் பிறகு நாலு பேரிடம் சொல்வதில்தான் திறமை இருக்கிறது. ஜனவரி முதல் நவம்பர் வரை நடந்ததெல்லாம் ஒத்திகை. டிசம்பர் கடைசி வாரத்தில் சோபாவில் சாய்ந்துகொண்டு, ‘இந்த வருஷம் எனக்கு மலைகளின் வருஷம்’ என்று ஆரம்பிக்கிறீர்களே, ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஷூ வாங்கவும் பை கட்டவும் கூடாரம் அடிக்கவும் ஊரெல்லாம் ஆலோசனை கிடைக்கும். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் வழிகாட்ட ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இது.

முதலில் கைபேசியில் உள்ள படங்களைக் கழிக்க வேண்டும். வெள்ளியங்கிரிக்குப் போனீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கியதிலிருந்து ஏழாம் மலை வரை உங்களுக்கு முன்னாலும் கூட்டம், பின்னாலும் கூட்டம். சித்ரா பௌர்ணமியை ஒட்டிப் போயிருந்தால் ரங்கநாதன் தெருவைச் சாய்த்து நிறுத்தியது போல இருந்திருக்கும். அந்தக் கூட்டத்தின் ஒரு தலைகூடப் படத்தில் தெரியக் கூடாது. மேகத்தைப் பார்த்து நிற்கும் உங்கள் முதுகு மட்டும் போதும். கீழே ‘தனிமை’ என்று எழுதுங்கள். முதுகைப் படம் பிடித்தவர் எங்கே நின்றார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

செருப்பில்லாமல், தோளில் ஒரு துண்டோடு, ஐந்தாம் மலையில் உங்களைத் தாண்டிப் போன பெரியவர் ஒருவர் கட்டாயம் ஏதாவது ஒரு படத்தில் இருப்பார். அவரை வெட்டிவிடுங்கள். நீங்கள் ஏறி முடிப்பதற்குள் அவர் தரிசனம் முடித்து எதிரே இறங்கி வந்து, ‘இன்னும் கொஞ்ச தூரந்தானுங்க சாமி’ என்று தைரியம் சொன்ன படம் இருந்தால் அதை முதலில்.

அடுத்தது எண்கள். இதில் விதி ஒன்றுதான்: நீங்கள் ஏறிய உயரத்தைச் சொல்லாதீர்கள், மலையின் உயரத்தைச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு என்பது கேட்பவர்களுக்குச் சட்டென்று உறைக்காது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதில் பெரும்பகுதியைக் கார்தான் ஏறியது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து தொலைநோக்கி இல்லம் வரைக்கும்தான் உங்கள் பங்கு, நடுவில் சோளம் வாங்க நின்றது வேறு. ஆனாலும் 2,637 என்பது 2,637தான். கொழுக்குமலையிலும் அப்படியே. சூரியநெல்லியிலிருந்து ஜீப் எலும்பை எண்ணிக்கொண்டே மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மீட்டரில் சொன்னால் சிறியதாகத் தெரிகிறதா, அடியில் சொல்லுங்கள். தொட்டபெட்டா 8,650 அடி என்றதும் கேட்பவர் தேநீர் டம்ளரைக் கீழே வைப்பார்.

உயரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல நேர்மையான காரணம்கூட ஒன்று கைவசம் இருக்கிறது. பூமியை வழவழப்பான, சற்றே தட்டையான ஒரு கோளமாக வைத்துக்கொண்டுதான் ஜி.பி.எஸ். முதலில் உயரத்தைக் கணக்கிடுகிறது. நிஜமான கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு ஒத்துப்போவதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்புவிசை குறைவு. அங்கே கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே தாழ்ந்து கிடக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிய தாழ்வு இல்லை. தமிழ்நாடு அதன் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. எனவே திருத்தம் போடாத ஆப் ஒன்று, மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடல்மட்டத்துக்கு 80, 90 மீட்டர் கீழே காட்டும். மலை உச்சியிலும் அதே அளவு குறையும். ‘ஆப்ல கம்மியா காட்டுது, நிஜத்துல இன்னும் அதிகம்’ என்று நீங்கள் சொன்னால் அது அறிவியல். காரணத்தை விளக்கத் தொடங்கினால் மட்டும் கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அதே ஆப் இன்னொரு பக்கம் வள்ளல். ஒரே இடத்தில் நின்றாலும் அதன் கணக்கில் உயரம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஏறியதையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும். பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்ட அரைமணி நேரத்துக்கும் நீங்கள் சில மீட்டர் ஏறியிருப்பீர்கள். வருடக் கடைசியில் மொத்த ஏற்றத்தைக் கூட்டி, ‘எவரெஸ்ட்டில் பாதி’ என்று அறிவிப்பவர்கள் அந்தப் புளிசாதத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நேரத்தைச் சொல்லும்போது ஜாக்கிரதை. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது தெரிந்த ஆள் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். ‘ஏழு மணி நேரம் போராடினோம்’ என்று நீங்கள் சொல்ல, அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ‘இதுல மூணு மணி நேரம் எங்க உக்காந்திருந்தீங்க?’ என்பார். அவர் இருக்கும் இடத்தில் வனவிலங்குகளைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

வனவிலங்குக்கு ஒரு வளர்ச்சி முறை உண்டு. மார்ச்சில் நீங்கள் பார்த்தது யானை லத்தி. ஜூனில் அது ஈரமான லத்தி. ஆகஸ்டில் ஆவி பறந்தது. அக்டோபரில் மூங்கில் முறியும் சத்தம் சேர்ந்துகொண்டது. டிசம்பரில் ஒற்றைக் கொம்பன் பாதையை மறித்து நிற்க வேண்டும், இதில் அவசரம் காட்டக் கூடாது. கூட வந்தவர்களுடன் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. ஒருவர் கொம்பன் என்றும் இன்னொருவர் குட்டியோடு வந்த தாய் என்றும் சொல்லி மாட்டிக்கொண்ட குழுக்கள் உண்டு.

உங்களை உண்மையிலேயே தேடி வந்த ஒரே ஜீவன் அட்டை. அதற்கு மரியாதை கொடுங்கள். அட்டை கடிப்பது தெரியாது. அது கழன்று விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது. அதன் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் என்ற பொருள் ரத்தத்தை உறையவிடாமல் செய்வதுதான் காரணம். காயம் கடுகளவு, வெள்ளைச் சாக்ஸில் கறை கையளவு. படத்துக்கு இதைவிடப் பொருத்தமான காயம் இயற்கையில் கிடையாது. எனவே காலில் உப்போ புகையிலைத் தண்ணீரோ தடவிக்கொண்டு போனதை மறைத்துவிடுங்கள். முன்னெச்சரிக்கை எடுத்தவனை யாரும் வீரன் என்பதில்லை.

பர்வதமலை ஏறியவர்களுக்கு என் உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. ‘கடப்பாறை நெட்டு’ என்று பெயரைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அறைந்து இறக்கிச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். சொல்லும்போது இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துக் காட்டுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே சங்கிலியில் உங்களுக்கு முன்னால் ஏறிய பெண்மணியைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

அந்த மலையைப் பற்றிப் பேசும்போது தமிழாசிரியர் யாராவது இருந்தால் மலைபடுகடாத்தை இழுப்பார். அதில் வரும் நவிரமலை இந்தப் பர்வதமலைதான் என்பார்கள். நன்னன் என்ற மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லும் பாட்டு, 583 அடி. மலைக்குப் போய்வந்தவன் பேச்சுக்கு நம் மொழியில் இருக்கும் பழைய மாதிரி இதுதான். படித்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். காட்டுப்பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே இருக்கும், பாம்பு ஒடுங்கும் குழிகளை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் எப்படிப் பாய்ந்து வரும், வழுக்கும் இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது, எந்த ஊரார் என்ன சோறு போடுவார்கள் என்று முழுக்க முழுக்க அடுத்து வருகிறவனுக்கு வேண்டிய சங்கதிதான். அந்த ஏற்றம் சொன்னவனுடைய வாழ்க்கைப் பார்வையை எப்படி மாற்றியது என்பதற்கு ஒரு அடிகூட ஒதுக்கவில்லை. பாணர், கூத்தர் காலத்தில் ஸ்டேட்டஸ் போடும் வசதி இல்லாததால் நேர்ந்த குறை. இந்த மாதிரியைப் பின்பற்றித் தண்ணீர் எந்தச் சுனையில் கிடைக்கும், கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் சொல்லித் தொலைக்காதீர்கள். கேட்டுக்கொண்டு நிஜமாகவே கிளம்பிப் போய்விடுவார்கள். போய்வந்தால் அவர்களும் பேசுவார்கள்.

ஓரிடத்தில் மட்டும் என் கிண்டல் செல்லாது. ‘பர்மிஷன் எல்லாம் வாங்கல, வாட்ச்சர் கண்ணுல படாம பின்பக்கமா ஏறிட்டோம்’ என்று சொல்லிக்கொள்வதில் இப்போதும் சிலருக்குப் பெருமை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் நடக்கப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் பற்றிய தீ சரிவில் கீழ்நோக்கி வருவதைவிட மேல்நோக்கி மிக வேகமாகப் போகும். அதன் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால், ஓடுகிற ஆளைத் தீ முந்திவிடும். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முறையாகத் திறந்து, முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளும் ஏற்பாடு செய்தது. பிப்ரவரி நடுவில் தீப்பருவம் தொடங்கினால் பாதைகளை மூடிவிடுகிறார்கள். செக்போஸ்ட்டை ஏமாற்றிய கதை உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லாமல் விடுங்கள். நன்றாக இராது.

உடம்பைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஏறும்போது மூச்சு வாங்கும், அது கௌரவமான கஷ்டம். அடி விழுவது இறங்கும்போதுதான். ஒவ்வொரு படியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, வலி உடனே வராமல் ஒருநாள் விட்டு மறுநாள் உச்சத்துக்கு வரும். அப்போது நீங்கள் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நண்டாக இறங்குவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆகவே வீட்டாரை வைத்துக்கொண்டு கதை சொல்லக் கூடாது. ஷூவையும் காட்டாதீர்கள். பரணில் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் சில ஷூக்களில் உள்ள பாலியூரித்தேன் அடிப்பகுதி காற்றின் ஈரத்தாலேயே பொடிந்துவிடும். பல மலை கண்ட ஷூ இப்படிக் கழன்றது என்று நீங்கள் சொல்வீர்கள். எத்தனை வருடம் பரணில் கிடந்தது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் ஆபத்து.

‘அவ்ளோ ஒசரமாடா? சோளிங்கர் மாதிரி இருக்குமா?’

‘அது வெறும் படிக்கட்டு பாட்டி. இது ட்ரெக்கிங்.’

‘ஆயிரத்து முந்நூத்தி அஞ்சு படி. உங்கப்பனை வயித்துல வச்சிக்கிட்டு ஏறினேன். அது போகட்டும், அவ்ளோ தூரம் போனியே, சாமி கும்பிட்டியா?’

இதற்குப் பதில் கிடையாது. சோளிங்கருக்கு இப்போது ரோப்கார் வந்துவிட்டது என்று பேச்சை மாற்றுங்கள். பாட்டி அதில் பிடித்துக்கொள்வார்.

போகாத மலைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு வருட மலையேற்றத்தில் பெரும்பங்கு வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. ‘அகஸ்தியர்கூடம் 2.0’ என்று குழுவுக்குப் பெயர் வைக்கிறோம், முகப்புப் படம் மாற்றுகிறோம், வருகிறேன் என்று பதினெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஒருவர் வீட்டில் நிச்சயதார்த்தம், ஒருவருக்கு ஆபீசில் ஆடிட், ஒருவருக்கு மழை என்று செய்தியில் போட்டுவிட்டார்கள். இந்த மலைகளைப் ‘போக நினைத்தவை’ என்று சொல்லாதீர்கள். ‘வானிலை அனுமதிக்கவில்லை’ என்று சொல்லுங்கள். எவரெஸ்ட் ஏறுபவர்களும் அதையே சொல்வதால் ஒரு தோரணை வந்துவிடும்.

கடைசியாக, அடுத்த ஆண்டுக்கான அறிவிப்பு. இதைச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. எவரெஸ்ட் அடிவார முகாம், 5,364 மீட்டர் என்று சொல்லிவிடுங்கள். தொலைவும் செலவும் அதிகமாக இருப்பதால், ஏன் போகவில்லை என்று அடுத்த டிசம்பரில் யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்திலுள்ள மலை எதையும் அறிவித்துவிடாதீர்கள். ஜவ்வாது மலை என்றால், ‘எங்க மாமியார் ஊர்தான், எப்ப போலாம்?’ என்று கூட்டத்தில் ஒருவர் உடனே நாட்காட்டியை எடுப்பார். வாய்தவறிச் சொல்லிவிட்டீர்கள், ஆளும் விடுவதாக இல்லை என்றால், முகத்தில் உற்சாகம் குறையாமல் பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொடுங்கள். மிச்சத்தை வனத்துறை பார்த்துக்கொள்ளும்.